கர்ப்பகாலத்தில் காலில் நரம்பு சுருட்டல்: நஞ்சுக்கொடிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

"மாசமா இருந்தா காலில் நரம்பு புடைக்கத்தான் செய்யும், பிரசவம் ஆனா சரியாயிடும்." உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பாங்க. பாதி உண்மைதான். பலருக்குக் குழந்தை பிறந்த சில மாதங்களில் புடைப்பு குறைந்துவிடும். ஆனால் இதை நம்பி, மாதாந்திரப் பரிசோதனையில் காலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வந்துவிடுகிறோம். சேலைக்குள் இருக்கும் காலை, நாம் சொன்னால்தானே மருத்துவர் பார்க்க முடியும்?

புடைப்பது எது?

'நரம்பு சுருட்டல்' என்று நாம் சொன்னாலும், புடைத்திருப்பது நரம்பு இல்லை, சிரை. அதாவது, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். இதன் உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மேலே ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் இவை தடுக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் காலிலேயே தேங்கி, சிரை வீங்கிச் சுருளும்.

கர்ப்பகாலத்தில் இதற்கு மூன்று காரணங்கள் சேர்கின்றன. உடலில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிரைகளின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பை, இடுப்புப் பகுதியில் உள்ள பெரிய சிரைகளை அழுத்துகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, இது இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றாலோ வாய்ப்பு இன்னும் அதிகம்.

நஞ்சுக்கொடியில் என்ன நடக்கிறது?

நஞ்சுக்கொடியில் விரல் போன்ற ஏராளமான நுண்ணிய கிளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தாயின் ரத்தம் ஓடும். அந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனும் சத்தும் குழந்தைக்குப் போகும். கழிவு திரும்பி வரும். ரத்தம் உள்ளே வருவது எவ்வளவு முக்கியமோ, வெளியேறுவதும் அவ்வளவு முக்கியம்.

ஸ்பெயின் நாட்டின் அல்கலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிரை நோய் இருந்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியையும் அது இல்லாதவர்களின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் இருந்தவர்களிடம் ஆக்சிஜன் குறைவுக்கான அடையாளங்கள் தெரிந்தன. அந்த நுண்ணிய கிளைகளும் எண்ணிக்கையில் கூடியிருந்தன. பற்றாக்குறையைச் சமாளிக்க நஞ்சுக்கொடி தானே முயற்சி எடுப்பதுபோல!

இதைப் படித்துப் பயந்துவிடாதீங்க. காலில் சிரை புடைத்தால் குழந்தைக்குப் பாதிப்பு என்று அர்த்தமில்லை; புடைப்பு உள்ள பெரும்பாலான தாய்மார்களுக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது. ஆனால் இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, இரண்டு காலையும் செல்போனில் படம் எடுத்து வையுங்க. வித்தியாசம் மருத்துவருக்கு எளிதில் புரியும்.
• கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லி, தாய் சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்க.
• ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்காதீங்க. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்க. தினமும் கொஞ்சம் நடங்க.
• இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்க. காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க.
• அழுத்தக் காலுறையை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் வாங்குங்க. வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீங்க.

உடனே மருத்துவமனைக்கு

• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், வலி, சூடு, சிவப்பு. ரத்தம் உறைந்திருக்கலாம். கர்ப்பகாலத்தில் இது இடது காலில்தான் அதிகம் வரும். எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது.
• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.
• முகம், கை வீக்கத்தோடு கடும் தலைவலி, பார்வை மங்கல். ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம்.
• குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது.
• புடைத்த சிரை உடைந்து ரத்தம் வந்தால், படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்க.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. பச்சை உடம்பு என்று முழுநேரமும் படுக்கையிலேயே இருக்க வேண்டாம். மருத்துவர் சொன்னபடி எழுந்து நடங்க.

அரசு தரும் உதவி

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். 102 எண்ணிலும் பதியலாம். கிடைக்கும் 12 இலக்க எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், நான்காம் மாதம் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருத்துவரைப் பார்க்கலாம். சந்தேகம் என்றால் 104-ஐ அழைத்துக் கேளுங்க.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, "டாக்டர், என் காலையும் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிடுங்க.