புற்று அல்லாத மார்பகக் கட்டிகளும் அறுவைச் சிகிச்சையும்

பெங்களூர் கண்டோன்மென்ட்டைச் சேர்ந்த பிரேசர் டவுன், 1898 ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் மக்கள் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றாகும். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய இப்பகுதிக்குப் புலிகேசி நகர் என்ற பெயரும் உண்டு. தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் இது. இங்கு வாழும் பெண்ணொருத்தி தன் மார்பில் ஏதோ தட்டுப்படுவதை உணர்ந்தால், தமிழில் 'கட்டி' என்பாள். கன்னடத்தில் 'கெட்டெ' என்பாள். உருதுவில் 'காண்ட்' என்பாள். மூன்று சொற்களுக்கும் ஒரே குறைதான். சீழ் கோத்த வீக்கம், நீர் நிரம்பிய பை, நார்த்திசு உருண்டை, புற்று ஆகிய அனைத்தும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அச்சம் பிறப்பதும் அங்கேதான்.

உண்மையில், மார்பகத்தில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எனவே இத்தகைய கட்டிகளில் 'எந்த அறுவைச் சிகிச்சை?' என்பதற்கு முன், 'அறுவைச் சிகிச்சை வேண்டுமா?' என்ற வினா எழ வேண்டும். கட்டி இன்னதென்று நிறுவிய பின்னரே அதற்கு விடை கூற இயலும்.

நிறுவும் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, மருத்துவர் கையால் தொட்டுப் பரிசோதித்தல். இரண்டாவது, படம் எடுத்தல். இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. ஆதலின் அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஏற்றது. ஏறத்தாழ நாற்பது வயதைக் கடந்தோருக்கு மாமோகிராமும் சேர்க்கப்படும். மூன்றாவது, ஊசியின் வழியே சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்தல். மூன்று முடிவுகளும் ஒத்துவந்தால் பிழைக்கு இடம் மிகக் குறைவு. ஒன்று மாறுபட்டாலும், ஐயம் தீரும்வரை சோதனை தொடர வேண்டும். ஊசி குத்தினால் கட்டி புற்றாக மாறிவிடும் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. அதற்கு ஆதாரம் இல்லை.

திருமணத்துக்கு முன்பா?

இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ஃபைப்ரோ அடினோமா எனப்படும் நார்க்கட்டி. வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். விரலை வைத்தால் வழுக்கி ஓடும். இக்காரணத்தால் மருத்துவர்கள் இதை 'மார்பகச் சுண்டெலி' என்றும் அழைப்பதுண்டு. இது பெரும்பாலும் ஓரளவு வளர்ந்து நின்றுவிடும். சில தாமாகவே சுருங்கும். ஊசிச் சோதனையில் உறுதியான சிறு நார்க்கட்டியை ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவது ஏற்புடைய சிகிச்சையே ஆகும். அது கவனியாமல் விடுவதாகாது. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, தொடர்ந்து வளர்வது, வலியோ உருமாற்றமோ தருவது, சோதனை முடிவில் ஐயம் உள்ளது ஆகியவற்றை அகற்றுவது முறை.

நம் குடும்பங்களில் வேறொரு காரணமும் குறுக்கிடுகிறது. மகளுக்கு வரன் பார்க்குமுன் கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று தாய் வற்புறுத்துவதைக் கண்டிராத அறுவை மருத்துவர் இருக்க மாட்டார். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் கருவுற்ற காலத்தில் சில நார்க்கட்டிகள் பெரிதாவது உண்மை. அந்த அளவில் தாயின் கவலைக்கு அடிப்படை உண்டு. மறுபுறம், ஒவ்வொரு கீறலும் ஒரு தழும்பு. காம்பை ஒட்டி ஆழமாக வெட்டினால் பால் நாளங்களும் சேதமுறக்கூடும். இரு பக்கத்தையும் மருத்துவர் எடுத்துரைத்தல் வேண்டும். முடிவு அப்பெண்ணுடையது. உடனிருப்போர் மட்டுமே பேச, அவள் வாய் திறவாமலே ஒப்புதல் படிவம் நிறைவேறுவது முறையன்று.

அகற்றுவதென முடிவானால், காம்பைச் சூழ்ந்த கருவளையத்தின் விளிம்பிலோ மார்பகத்தின் அடிமடிப்பிலோ கீறினால் தழும்பு மறையும். சிறு கட்டியாயின் ஸ்கேன் துணையுடன் வெற்றிட ஊசியால் துண்டு துண்டாக உறிஞ்சி எடுக்கலாம். உறையவைத்து அழிக்கும் முறையும் உண்டு.

நார்க்கட்டியைப் போலவே தோன்றி ஏமாற்றுவது ஃபில்லாய்டஸ் கட்டி. இது விரைந்து வளரும். நார்க்கட்டியைப் போல் இதை உறையிலிருந்து பிதுக்கி எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். சுற்றியுள்ள நல்ல திசுவுடன் சேர்த்தே அகற்ற வேண்டும். இதில் புற்றுத் தன்மை உடைய வகையும் உண்டு. ஆகவேதான், எவ்வளவு சிறியதாயினும் வெட்டி எடுத்த கட்டியை ஃபார்மலினில் இட்டு நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

கத்தியும் ஊசியும்

நீர்க்கட்டிக்கு அறுவைச் சிகிச்சை அரிதாகவே தேவைப்படும். ஊசியால் நீரை எடுத்தால் வீக்கம் மறையும். எடுத்த நீரில் இரத்தம் கலந்திருந்தாலும், நீர் வடிந்த பின்னும் கெட்டியான பகுதி எஞ்சினாலும் மேற்சோதனை வேண்டும்.

பாலூட்டும் தாய்மாருக்கு வரும் சீழ்க்கட்டியின் சிகிச்சைதான் பெரிதும் மாறியுள்ளது. பால் கட்டிக்கொண்டு, வெடித்த காம்பின் வழியே கிருமி நுழைந்து, காய்ச்சலும் வலியுமாக முற்றும் நோய் இது. முன்னர் மயக்கமருந்து கொடுத்துக் கீறி, உள்ளறைகளை விரலால் உடைத்து, துணித்திரி திணித்து, வாரக்கணக்கில் கட்டுப்போடுவது வழக்கம். தாய் மருத்துவமனையில் கிடப்பாள். குழந்தை புட்டிப்பாலுக்கு மாறும். இன்று ஸ்கேனில் இடம் பார்த்து, ஊசியால் சீழை எடுத்து, தேவைப்படின் சில நாள் இடைவெளியில் மீண்டும் எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுப்பதே பலருக்குப் போதுமானது. தோல் மெலிந்து உடையும் நிலையிலோ, சீழ் மிகுந்து பல அறைகளாகப் பிரிந்த நிலையிலோ மட்டும் கீறல் தேவை. பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. பால் தேங்காமல் வெளியேறுவது குணமாவதற்கு உதவும்.

பால் கொடுக்காத பெண்ணுக்குச் சீழ்க்கட்டி வந்து, கீறிய புண் ஆறாமல் மீண்டும் மீண்டும் ஒழுகினால் மறுபடி கத்தியைத் தேடுவதற்கு முன் திசுச் சோதனை செய்தல் இன்றியமையாதது. நம் நாட்டில் அது காசநோயாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் தீர்வு காசநோய் மருந்தாகும். காசநோயை ஒத்த வேறொரு அழற்சியும் உண்டு. அதிலும் அடுத்தடுத்த கீறல்கள் புண்ணைப் பெருக்கவே செய்யும்.

காம்பின் ஒரே துளையிலிருந்து தானாக இரத்தம் கசிந்தால், பெரும்பாலும் பால் நாளத்துள் வளர்ந்த சிறு பாப்பிலோமா காரணமாகும். அந்த நாளத்தை மட்டும் அகற்றும் சிகிச்சை உண்டு. எனினும் சிலரிடம் இக்கசிவு புற்றின் அறிகுறியாதலின் இதில் தாமதம் கூடாது. ஆண்களுக்கும் மார்பக வீக்கம் வருவதுண்டு. பருவமடையும் சிறுவரிடம் இது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே வடியும்.

திட்டத்தின் விளிம்பில்

தேசியத் திட்டத்தின் 2016 வழிகாட்டு நெறிகளின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை செய்தல் வேண்டும். புற்றைக் கண்டறிவதற்கு இந்த வயதெல்லை பொருத்தமானதே. ஆனால் நார்க்கட்டி மிகுந்து காணப்படும் கல்லூரி மாணவி இதற்கு வெளியே நிற்கிறாள். அவளுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அண்டை வீட்டாரின் ஆலோசனையே.

பிரேசர் டவுன்வாசிகளுக்கு அருகிலேயே, சிவாஜி நகரில், பௌரிங் மற்றும் லேடி கர்சன் மருத்துவமனை உள்ளது. நகரின் தென்பகுதியில் 1973 இல் தோன்றிய கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. இக்கட்டுரையில் கூறிய கட்டிகளுள் பெரும்பாலானவற்றிற்குப் பொது மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைத் துறையே போதும். புற்றுநோய் நிலையத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சி, எங்கும் செல்லாமல் இருந்துவிடுவோர் உளர். அவர்களிடம் சுகாதாரப் பணியாளர் முதலில் கூற வேண்டிய செய்தி இதுவே.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் திசு ஆய்வு அறிக்கையின் நகலைக் கொடுத்தனுப்ப வேண்டும். நீக்கிய கட்டியில் இயல்பு பிறழ்ந்த செல் பெருக்கம் காணப்பட்டால், பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அவளுக்கு ஆண்டுதோறும் கண்காணிப்பு வேண்டும். பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் புதிய கட்டியொன்று தட்டுப்படும்போது, அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.