முகூர்த்தத்துக்கு முன் முடி

ஜாதகம் பொருந்தியது, சம்பளம் பொருந்தியது, போட்டோவைப் பார்த்ததும்தான் பெண் வீட்டார் பின்வாங்கினார்கள் என்று ஒரு பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டால் போதும். அடுத்த வாரமே அம்மா மகனை அழைத்துக்கொண்டு ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கிளினிக் வாசலில் நிற்கிறார். கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவர்களின் கதை வேறு. விடுதியில் ஒருவன் கட்டுப்போட்ட தலையோடு வந்து இறங்கினால், அடுத்த செமஸ்டருக்குள் பக்கத்து அறைக்காரன் விலை விசாரிக்கிறான். கல்விக் கடனில் ஒரு தவணைகூடக் கட்டாதவன் முடிக்கு இ.எம்.ஐ. கட்டத் தயாராகிறான். பிறப்பு ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டிச் சரிபார்க்கிற குடும்பம், கத்தி பிடிக்கப்போகிறவரின் பதிவு எண்ணை ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

கிளினிக் எது என்பதற்கு முன்னால் முடிவாக வேண்டியது, முடி ஏன் கொட்டுகிறது என்பது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்குவோ டைபாய்டோ வந்துபோனால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடப்பவர்களுக்கும் அதே கதிதான். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும்கூடக் காரணமாகலாம். இவற்றில் பெரும்பாலானவை, காரணம் நீங்கினால் சில மாதங்களில் தாமாகச் சரியாகும். பரம்பரை வழுக்கை வேறு விதம்: நெற்றியின் இரு ஓரங்களும் மேலே ஏறும், உச்சி மெலியும், ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்லத் தோல் மருத்துவர் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு ஒரு காலைப் பொழுது காத்திருந்தால் போதும். வரிசை நீளம்தான்; ஆனால் உள்ளே இருப்பவருக்கு நம்மிடம் எதையும் விற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பரம்பரை வழுக்கைதான் என்று தெரிந்துவிட்டால், வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. தலைக்குத் தடவும் மினாக்சிடில், முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்த பிறகே அதைத் தலைப்பக்கம் திருப்பினார்கள். தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகவே கொட்டும். பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நான்கைந்து மாதம் தாண்டித்தான் பலன் தெரியும், நிறுத்தினால் அதுவும் போகும். (வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கவனம்: இந்த மருந்தை நக்கினால் பூனையின் உயிருக்கே ஆபத்து.) ஃபினாஸ்டிரைட் 1 மி.கி. மாத்திரைக்கு வழுக்கை மருந்தாக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொட்டுவதை நிறுத்துவதில் வலுவானது. ஆனால் ஒரு சிறு பங்கினருக்கு ஆசையும் விறைப்பும் குறையலாம். கல்யாணத்துக்காகவே மருந்துக்கு வருகிற பையனிடம் இதைச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது நியாயமில்லை. சொந்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து ஊசி போடும் பி.ஆர்.பி., மெலிந்த முடிக்குச் சிலரிடம் உதவுகிறது. பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் அது எதையும் முளைக்கவைக்காது.

ஹேர் பேட்ச் என்றால் பசையும் வியர்வையும். சென்னை மே மாதத்தில் அதை ஒட்டிக்கொண்டு மின்சார ரயிலில் போய்வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த பேட்சில் திருப்பதியில் யாரோ காணிக்கையாகக் கொடுத்த முடியும் இருக்கக்கூடும். தேவஸ்தானம் அதை ஏலம் விடுகிறது.

பட்டியலில் யாரும் சேர்க்காத வழி ஒன்று உண்டு: ஒட்ட வெட்டிக்கொள்வது. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் ஒருமுறை மொட்டை போட்டுக்கொண்டு, மூன்று மாதம் அந்த முகத்தோடு பழகிப் பார்த்தால் செலவு சொற்பம், பக்கவிளைவு இல்லை. ரஜினிகாந்த் திரைக்கு வெளியே வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாகவே வருகிறார். கைதட்டல் குறைந்ததாகத் தெரியவில்லை. முப்பது வயதிலேயே முன்நெற்றியைப் பறிகொடுத்த ஒருவர் எழுதும் வழிகாட்டி இது. இந்த வழியின் மேல் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் வாசகர்கள் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளலாம்.

இனி டிரான்ஸ்பிளான்ட். இங்கே புதிதாக முடி எதுவும் உண்டாவதில்லை. பின்மண்டை முடிக்கு வழுக்கை பிடிக்காது, இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் மாறாது என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-இல் எழுதினார். அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது. பின்மண்டையிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டி எடுப்பது எஃப்.யூ.டி.; ஒவ்வொரு வேராகத் துளைத்து எடுப்பது எஃப்.யூ.ஈ. பட்டை முறையில் கோடு போலத் தழும்பு விழும், துளை முறையில் புள்ளிகளாகச் சிதறும். தழும்பே இல்லாத முறை என்று எதுவும் கிடையாது. இப்படி எடுக்கும் ஒவ்வொரு வேர்த்துணுக்கும் ஒரு கிராஃப்ட்; அதில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். பெரும்பாலோரின் பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்க முடிவது சில ஆயிரம் கிராஃப்ட்தான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

ஒரே நாள், ஒரே அமர்வு, இத்தனை ஆயிரம் கிராஃப்ட், விழாக்காலத் தள்ளுபடி. இந்த பேக்கேஜ்தான் இன்று எல்லோரையும் இழுக்கிறது; அளவுக்கு மீறிப் புகழப்படுவதும் இதுதான்.

இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வழுக்கை இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறது. அவன் கேட்பதோ பள்ளிக்கூட நாளில் இருந்த நெற்றிக்கோடு. இருப்பில் பாதியை எடுத்து முன்னால் நட்டுவிட்டால், நட்ட முடி நிற்கும். அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி தன் வழியில் உதிர்ந்துகொண்டே போகும். முப்பத்தைந்தில் நெற்றியில் ஒரு வேலி, அதன் பின்னால் வெட்டவெளி. அதை நிரப்பப் பின்மண்டையில் சரக்கு இருக்காது. தேர்ந்த மருத்துவர் இந்த வயதுக்காரனைத் திருப்பி அனுப்புவார், அல்லது ஓராண்டு மருந்து போட்டுவிட்டு வரச் சொல்வார். பையன் படியிறங்கி அடுத்த தெரு பேக்கேஜுக்குப் போய்விடுகிறான் என்பது வேறு விஷயம்.

அழகைவிடப் பெரிய கவலை உயிர். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசிக்கு அளவு உண்டு. அட்ரினலின் கலந்து போட்டால் வழக்கமான உச்ச அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 7 மில்லிகிராம். எழுபது கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம், அதாவது இரண்டு சதவீத மருந்தில் 25 மில்லிலிட்டருக்கும் குறைவு. பெரிய அமர்வில் மரப்பு விடவிட மறுபடி மறுபடி ஊசி ஏறும். கணக்கு வைத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வாய் ஓரம் மதமதக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், பிறகு வலிப்பு, பிறகு இதயம் நிற்கும். இதற்கு முறிமருந்தாக ஏற்றும் லிப்பிட் எமல்ஷன், ஆக்சிஜன், அட்ரினலின், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி எல்லாம் அதே அறையில் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் இவற்றைக் காட்டச் சொல்லலாம். காட்ட முகம் சுளிக்கும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மிகையாகத் தோன்றினால், நடந்தவை இருக்கின்றன. 2016-இல் சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று அப்போது செய்தி வந்தது. 2019-இல் மும்பையில் 43 வயது வணிகர் ஒருவர் ஒரே மூச்சில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராஃப்ட் நட்டுக்கொண்ட பிறகு ஒவ்வாமைக் குறிகளோடு மருத்துவமனைக்குப் போய் இறந்தார். கான்பூரில் 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் இரண்டு பொறியாளர்கள் இறந்தது தொடர்பாக ஒரு பல் மருத்துவர்மேல் வழக்குப் பதிவானது. இடையே 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதிய பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். டெக்னீஷியன் உதவலாம், பொறுப்பேற்க முடியாது.

இஸ்தான்புல் போய் வருகிறவர்களும் உண்டு. அங்கே நல்ல மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மலிவு பேக்கேஜில் மருத்துவர் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும் சிக்கல் அங்கேயும் உண்டு. முடி மறுசீரமைப்பு மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம், கெட்டுப்போன தலைகளைச் சரிசெய்வதற்கென்றே நவம்பர் 11-ஐ ஒரு நாளாகக் கடைப்பிடிக்கிறது. தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செய்துகொள்வது என்று முடிவானால், வேலை சில வாரம் முன்பே தொடங்குகிறது. மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், மையத்தின் பதிவுச் சான்றிதழைச் சுவரிலும் பார்க்க வேண்டும். மருத்துவ நிறுவனங்களுக்கு இங்கே 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். துளைப்பது யார், நடுவது யார், கடைசிவரை அறையில் இருக்கும் மருத்துவர் யார் என்று பெயரோடு கேட்டு எழுதி வாங்கலாம். ரத்த அணுக்கள், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., ஈ.சி.ஜி. ஆகியவற்றைச் செய்யாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்துகளை நிறுத்துவதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும். இதய நோயாளி தானாக நிறுத்துவது முடியைவிட விலை உயர்ந்த விஷயம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, நாட்டு மருந்துக் கடை லேகியம் எதையும் ஒளிக்க வேண்டாம். சிகரெட்டைச் சில வாரம் முன்பே விட வேண்டும். நட்ட வேருக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டுமே. முன்பு பல் பிடுங்கியபோது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, காது குத்திய இடத்தில் தழும்பு தடித்ததா என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பொத்தான் வைத்த சட்டை, கூடவே வீட்டு ஆள் ஒருவர். சாப்பிட்டுப் போவதா வெறும் வயிற்றிலா என்பது தூக்க மருந்து தருகிறார்களா என்பதைப் பொறுத்தது. முதல் நாளே கேட்டுவிடலாம்.

எல்லாத் தலையும் இதற்குத் தோதான தலை அல்ல. பின்மண்டை அடர்த்தி, முடியின் தடிமன், சுருள், தோலுக்கும் முடிக்கும் உள்ள நிற வித்தியாசம் இவையெல்லாம் பிறப்பிலேயே அமைந்தவை. நண்பனுக்குப் பொருந்திய பாடப்பிரிவை எடுத்து அரியர் வைத்தவர்களுக்கு இது புரியும். பொறுமையும் வேண்டும். நட்ட முடி மூன்றாவது வாரமே உதிரும், அது இயல்பு. மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் துளிர்க்கும், ஓராண்டில்தான் முழு உருவம் தெரியும். ஆறு மாதம் தினமும் மினாக்சிடில் தடவ முடியாதவன் இந்த ஓராண்டை எப்படிக் கடத்துவான் என்று வீட்டில் யாராவது கேட்பது நல்லது. கேட்பது அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது; அவர் தலையைப் பார்த்தால் பையனின் தலை எந்தத் திசையில் போகலாம் என்பதும் ஓரளவு தெரியும்.

முகூர்த்தத்துக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு ஒத்துவரும். தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஐப்பசியில் முடி நடப் போகிறவன், உதிர்ந்து முடிந்து துளிர்க்காத தலையோடுதான் மணவறையில் உட்காருவான்.