கீரைப் பாத்திக்கு முன்

அன்புள்ள தம்பி,

குயிலாப்பாளையத்தில் குடியிருப்புக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் காய்கறித் தோட்டம் போடும் பொறுப்பு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவரும் அந்தப் பக்கத்தில் குளித்த தண்ணீரைக்கூட வீணாக்கக் கூடாது.

ஆனால் தண்ணீர் தெளிந்துவிட்டது, நாற்றமில்லை, அழுகும் பொருளின் அளவைக் காட்டும் பிஓடி இறங்கிவிட்டது என்று உடனே கீரைக்குத் திருப்பிவிடாதே. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நாணல் படுகை அழுகும் பொருளைத் தின்னும், கிருமியைக் குறைக்கும். கரைந்த உப்பு அதைத் தாண்டி வந்துவிடும். சில மருந்துகளும் அப்படித்தான். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன் எளிதில் சிதையாது. வேர் இழுக்கும் நீரோடு ஏறி, நீர் ஆவியானபின் இலையிலேயே தங்கிவிடும். அதனால் கீரையில் கூடுதல், தக்காளியில் குறைவு. இஸ்ரேலில் 34 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறிகளை ஒரு வாரம் தின்றவர்களின் சிறுநீரில் இந்த மருந்து கூடியது. மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் இருப்பதைவிட அது மிக மிகக் குறைவு. உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்தவர் மருந்தை, கேட்காமல், ஒரு குழந்தையின் தட்டில் வைக்க நமக்கு உரிமையில்லை.

உடனே கண்ணில் படப்போவது சோடியம். சோப்பும் சலவைத்தூளும் கொண்டுவருவது. களித்துகள்கள் பிரிந்து மேல்மண் பொருக்குத் தட்டும், தண்ணீர் இறங்காது. ஜிப்சம் போட்டால் சோடியம் மண்ணை விட்டுப் பிரியும். அதைக் கீழே கழுவ ஐப்பசி, கார்த்திகை மழை வேண்டும். ஆகவே தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. சித்திரையில் ஒருமுறை, மழை ஓய்ந்து தையில் ஒருமுறை மண் எடுத்துச் சோதனைக்குக் கொடு.

எந்தப் பட்டறையின் வடிகாலையும் உன் தொட்டியில் சேர்க்க விடாதே, யார் வந்து கேட்டாலும். நொய்யல் ஆற்றில் 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிப்போனது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் கீழ்ப்பாசன நிலங்களில் உப்பு ஏறியிருந்தது.

இப்போதைக்கு இந்த நீரைத் தென்னைக்கும் முந்திரிக்கும் விடு. கீரைக்கு மழைநீர்த் தொட்டி இருக்கட்டும். வீடு வீடாகப் போய் எந்தச் சலவைத்தூள் வாங்குகிறார்கள், மிச்ச மாத்திரைகளை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதிவை. அந்தக் குறிப்பையும் சித்திரை மண் முடிவையும் அனுப்பு. கீரையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்