டாக்டர் அடுத்த கேஸுக்குப் போன பிறகு

தியேட்டர் டியூட்டிக்குப் புதிதாக வரும் தங்கச்சிகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “அக்கா, அமெரிக்காவுல நர்ஸே மயக்க மருந்து கொடுக்கிறாங்களாமே, அந்தப் படிப்பை இங்க எங்க படிக்கலாம்?”

இங்கே எங்கும் படிக்க முடியாது. இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. அமெரிக்காவில் அது நூறாண்டு தாண்டிய மரபு. மினசோட்டாவில் மேயோ சகோதரர்களிடம் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களின் அனுபவத்தை 1906இல் கட்டுரையாக வெளியிட்டார். 1931இல் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்களுக்கென்று தனிச் சங்கமே வந்துவிட்டது. இன்று அங்கே அந்தப் படிப்பில் சேருகிறவர் முனைவர் நிலைப் பட்டம் வரை போக வேண்டும். நம் அரசு வேறு வழியில் போனது. சிசேரியனுக்கு மயக்க மருந்து டாக்டர் கிடைக்காத சிறிய மருத்துவமனைகளுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்தது. நர்ஸ்களுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. அது சரியா, தப்பா என்று டீ நேரத்தில் நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சண்டையில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஊசி போடுவது டாக்டர். ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் நோயாளியோடு இருப்பது நாம்தான். ஒரே ஒரு மயக்க மருந்து டாக்டர் இருக்கும் மருத்துவமனையில், ஒரு கேஸ் முடிந்ததும் அவர் அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார். பாதி மயக்கத்தில் இருக்கும் ஆள் ரெக்கவரி ரூமில் நம் கையில். நமக்கு வேண்டிய உயர் பயிற்சி அந்த நேரத்துக்கானது. அதில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கேள்வி கேட்கும் விதம். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் “இல்ல சிஸ்டர்” என்பார்கள். நம் பக்கம் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது, டீயோடு போன பன்னும் வராது. அதனால் “காலையில எந்திரிச்சதுலேர்ந்து வாயில என்னென்ன போச்சு, எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், திட உணவுக்கு 6 மணி நேரம். பால் டீயும் கஞ்சியும் திட உணவுக் கணக்குத்தான். ராமேஸ்வரத்துக்கு வரும் வடநாட்டு யாத்ரீகர் விரதம் என்பார். அவர் விரதத்தில் பாலும் பழமும் உண்டு. இதைக் கேட்கிற அளவுக்காவது இந்தி தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வாக்கியம் போதும், ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். விசைப்படகு வின்ச்சில் கை சிக்கி வருகிறவருக்கு மணிக் கணக்கே செல்லாது. அடிபட்ட வலியில் வயிறு வேலை செய்வதை நிறுத்திவிடும். எட்டு மணி நேரம் ஆகியிருந்தாலும் அவர் வயிறு நிறைந்தவர் என்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது வாய். வெற்றிலை பாக்கு, ஹான்ஸ், குட்கா போடுகிறவர்களுக்கு வாயின் உள்சதை இறுகிப்போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. “வாயைத் தொறங்கண்ணே, உங்க மூணு விரலை நிமித்தி உள்ள விடுங்க.” மூன்று விரல் போகவில்லை என்றால் டியூப் போடுவது சிரமம். அதை டாக்டர் முந்தின நாளே தெரிந்துகொண்டால் மதுரைக்கு அனுப்பலாமா, முதுகு ஊசியில் முடிக்கலாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கும். முதுகு ஊசி என்று முடிவானால் உடனே அடுத்த கேள்வி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்பது. ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரைப் பெயர் சொல்ல மாட்டார்கள், அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. கடலோர மருத்துவமனையில் லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி முனையில் பச்சை பிடிக்கும். காலையில் எரிந்த விளக்கு மத்தியானம் மங்கலாக எரியும். மஞ்சளாக மினுக்கினால் அது எரிகிற விளக்கே இல்லை. ஒவ்வொரு கேஸுக்கும் முன்னால் பிளேடை மாட்டி, வெள்ளை வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு கைப்பிடியையும் பக்கத்தில் வையுங்கள். சக்ஷனை ஓடவிட்டு, டியூபைக் கையில் வைத்து இழுவையைப் பாருங்கள். சென்ட்ரல் ஆக்சிஜன் இருந்தாலும் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமான சிலிண்டர் ஒன்று நிறைந்து நிற்க வேண்டும். அதன் சாவி அதிலேயே கட்டித் தொங்க வேண்டும். சாவி தேடி ஓடும் நர்ஸை நான் ஒரு ஊரில் மட்டும் பார்க்கவில்லை.

மருந்துத் தட்டில் எனக்குப் பெரிய பயம் டிரானெக்ஸாமிக் ஆசிட். பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் நல்ல மருந்து, அதனாலேயே சிசேரியன் தியேட்டரில் எப்போதும் இருக்கும். முதுகில் போடும் பூபிவாகெயின் ஆம்பூலும் அதே தட்டில், ஏறக்குறைய அதே உருவத்தில். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாறி முதுகுக்குள் போனால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். பல நாடுகளில் நடந்து, 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஆம்பூலை உடைக்கும் முன் பெயரை வாய்விட்டுப் படித்து டாக்டரிடம் காட்டுங்கள், அவரும் படிக்கட்டும். ஊசியில் எடுத்த உடனே லேபிள். பெயர் எழுதாத ஊசி யார் கையில் இருந்தாலும் அது குப்பைத் தொட்டிக்குத்தான். சீனியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சிசேரியனுக்கு முதுகு ஊசி போட்ட முதல் பதினைந்து நிமிடம் மானிட்டரைவிடத் தாயின் முகம் முந்திச் சொல்லும். “வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றால் பிரஷர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கஃப் அடுத்த தடவை ஊதும்வரை காத்திருக்காமல் அப்போதே அமுக்குங்கள். வலது இடுப்புக்கடியில் துணிச்சுருள் வைத்து இடப்பக்கம் சாய்த்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். டிரேப் போட்ட பிறகு அது நழுவியிருக்கும். “கை மதமதன்னு இருக்கு”, “நெஞ்ச அடைக்குது” என்றால் மருந்து மேலே ஏறுகிறது. என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். பிடி தளர்ந்தாலோ, பேச்சு கிசுகிசுப்பாக மாறினாலோ, “சார், கைப்பிடி தளருது, குரல் இறங்குது” என்று தியேட்டருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு ஆம்பு பேகை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். பார்த்ததைச் சத்தமாகச் சொல்வதற்குப் படிப்பைவிடப் பழக்கம் வேண்டும். நம் வளர்ப்பு அதற்கு எதிராகத்தான் இருக்கிறது.

ரெக்கவரிக்கு வருவோம். பொது மயக்கத்தில் இருந்து வந்தவர் குறட்டை விட்டால் வார்டு அட்டெண்டர் “நல்லாத் தூங்குறாரு” என்பார். அது தூக்கம் அல்ல, நாக்கு பின்னால் விழுந்து காற்றுப்பாதையை அடைக்கிறது. தாடையின் இரு கோணத்திலும் விரல் வைத்து முன்னே தூக்குங்கள், சத்தம் நின்று காற்று போவது கேட்கும். குறட்டையும் இல்லாமல், காற்றும் இல்லாமல் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கினால் அது இன்னும் மோசம். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும்போது சாச்சுரேஷன் எண்ணை நம்பி உட்காராதீர்கள். மூச்சு குறைந்துகொண்டே வந்தாலும் அது 98இல் கொஞ்ச நேரம் நிற்கும். விழ ஆரம்பிக்கும்போது நமக்கு மிச்சம் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். நெஞ்சில் கை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் டாக்டரைக் கூப்பிட யோசிக்க வேண்டாம். கீழக்கரைக் கல்யாணப் பெண்ணுக்கு விரலில் கறுப்பு மருதாணி இருந்தால் புரோப் சரியாகப் படிக்காது. காது மடலுக்கு மாற்றுங்கள். சிசேரியன் தாய்க்குப் போர்வையை விலக்கிப் பேடைப் பாருங்கள், வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்வைக்கு மேலே நின்று பார்த்தால் ரத்தம் தெரியாது.

இதையெல்லாம் முறையாகக் கற்க வழி இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோவில் தீவிர சிகிச்சை, ஆபரேஷன் அறை என இரண்டு பிரிவுகள் நமக்குப் பொருந்தும்; வேலூர் சி.எம்.சி.யில் இவை உண்டு. பி.எஸ்சி. முடித்து ஓராண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு, தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் படிப்பு அது. வென்டிலேட்டரும் ரத்த வாயுக் கணக்கும் கையில் பழகும். என்னைக் கேட்டால் மயக்கச் சிகிச்சையில் ஆர்வம் உள்ளவருக்கு இப்போதைக்கு அதுதான் மிக நெருங்கிய படிப்பு. மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பு வேறு. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்தின் கீழ் அவர்களுக்குத் தனிப் பதிவு. ‘அனஸ்தீசியா நர்ஸ்’ சான்றிதழ் என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டும் முன் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் அதற்கு மதிப்பு உண்டா என்று கேளுங்கள்.

எந்தப் படிப்பிலும் போதிய இடம் பெறாதது ஒன்று உண்டு. நோயாளியை இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆனாலும் ராமேஸ்வரம் தீவிலிருந்து அங்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர், மதுரை 170. ஆம்புலன்ஸில் கூடப் போகிறவள் நர்ஸ்.

ஏறுவதற்கு முன் ஆக்சிஜன் கணக்கைப் போடுங்கள். கடலுக்குப் போகிறவர் டீசல் கணக்குப் போடாமல் படகை அவிழ்ப்பதில்லை. நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். மதுரைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு சிலிண்டர் போதாது. முள் பாதியில் நின்றால் 75 நிமிடம். ராமநாதபுரம் போய்ச் சேரவே இழுபறி. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களின் கூட்டத்தில் அந்தக் கணக்கும் செல்லாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டுப் புது ரயில் பாலத்தோடு செல்ஃபி எடுப்பார்கள். சைரன் கேட்ட பிறகுதான் சாவியைத் தேடுவார்கள். பாலத்துக்கென்று தனியாக அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூப் போட்டவர் என்றால் பல்வரிசையில் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்துச் சீட்டில் எழுதுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 21, ஆண்களுக்கு 23. நம் ஊர் வியர்வையில் பிளாஸ்டர் நிற்காது, கழுத்தைச் சுற்றிக் கட்டுங்கள், ரொம்ப இறுக்காமல். ஸ்ட்ரெச்சரை ஏற்றியதும் ஒரு தடவை, இறக்கியதும் ஒரு தடவை இரண்டு பக்க நெஞ்சிலும் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். டியூப் நழுவுவது அந்த இரண்டு இடத்தில்தான். பேகை அமுக்கும்போது பதற்றத்தில் கை வேகமெடுக்கும். ஆறு விநாடிக்கு ஒன்று போதும். நான் மனதுக்குள் எண்ணாமல் வாய்விட்டு எண்ணுவேன், டிரைவருக்கு அது பழகிவிட்டது.

கிளம்பும் முன் அந்தப் பக்கத்து டியூட்டி டாக்டரிடம் பேசி, ஐ.சி.யூ. படுக்கை இருக்கிறதா, கேட்டில் யார் நிற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் போட்ட மயக்க மருந்தும் வலி மருந்தும் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை ரெஃபரல் சீட்டின் மேல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.