ஞாயிறு முழுக்கத் தூங்கினால் திங்கள் தெளிந்துவிடுமா?

"மேட்ச் முடிஞ்சு விடியக்காலைதான் வீட்டுக்கு வந்தேன் டாக்டர். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டேன். விட்ட தூக்கத்தை எடுத்தாச்சு."

வெளியூர் ஆட்டம் பார்த்துத் திரும்பும் கால்பந்து ரசிகர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். இப்படிச் சொல்பவர் புதன்கிழமை வரை கொட்டாவி விடுகிறார். ஆபீஸில் ஒரே மெயிலை மூன்று தடவை படிக்கிறார். விட்ட தூக்கத்தை அவர் எடுக்கவில்லை. அடுத்த ராத்திரியின் தூக்கத்தையும் சேர்த்துத் தொலைத்திருக்கிறார்.

ஆட்டத்துக்குப் போவதை நான் குறை சொல்லவே மாட்டேன். 2018 மார்ச் 17, சனிக்கிழமை இரவு, பெங்களூரு கண்டீரவா அரங்கில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். தொடக்கத்திலேயே சுனில் சேத்ரியிடம் கோல் வாங்கிய சென்னையின் எஃப்சி, எதிரணியின் சொந்த மைதானத்தில் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல்களை நேரில் பார்த்தவருக்கு அன்றிரவு தூக்கம் வராதது நியாயமே. என் சண்டையெல்லாம் மறுநாள் பகலோடுதான்.

தூக்கத்தை நடத்துபவை இரண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்க அழுத்தம் ஏறுகிறது, அது ஒன்று. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும் உடற்கடிகாரம் மற்றொன்று. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சாயங்காலம் நான்கு வரை படுத்துக் கிடந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். சேர்ந்த அழுத்தமெல்லாம் பகலிலேயே கரைந்த பிறகு, ராத்திரி பத்தரைக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? காலை வெயில் படாததால் கடிகாரமும் பின்னுக்குப் போகிறது. புரண்டு படுத்து, போனில் கோல்களை மறுபடி பார்த்து, மணி இரண்டாகிறது. திங்கள் ஆறு மணிக்கு அலாரம் அடிக்கிறது.

இழந்த தூக்கத்தை மணிக்கு மணி திருப்பித் தரச்சொல்லி உடம்பு கேட்பதும் இல்லை. கண் விழித்த பிறகு வரும் முதல் தூக்கத்தில், ஆழ்ந்த தூக்கத்தைத்தான் மூளை முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தூங்குங்கள், போதும். எழுந்து அரை மணி வெளிச்சத்தில் நடங்கள். மதியம் படுக்காதீர்கள். இரவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்து, திங்கள் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். இரண்டு மூன்று இரவுகளில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்ற வாதம் எடுபடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்தவர்களின் கவனம், இரவு முழுக்கக் கண் விழித்தவர்களைப் போலவே தடுமாறியது. தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பீர் குடித்தால் நன்றாகத் தூங்கலாம் என்பது தப்பு. கண் சீக்கிரம் சொருகும், பின்னிரவுத் தூக்கம் துண்டு துண்டாகும். கத்திக் கத்திக் குரல் போனால் ரகசியம் பேசுவதுபோலப் பேசச் சொல்வார்கள். பலருக்கு அது குரல்நாண்களை இன்னும் இறுக்கும். பேச்சைக் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

"ஆம்பூர்ல ஒரு டீ அடிச்சா வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்பதை மட்டும் அப்படி விட முடியாது. டீயிலுள்ள காஃபின் அடினோசினை வெளியேற்றுவதில்லை, சற்று நேரம் மறைத்துவைக்கிறது. சனிக்கிழமை காலை ஆறுக்கு எழுந்தவர் விடியற்காலை நான்குக்கு வேலூரைத் தாண்டும்போது விழித்து 22 மணி நேரம். 17 மணி நேரம் விழித்திருந்தாலே, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரைப்போல் கையும் கண்ணும் பிசகும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 30. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி கண் அயர்ந்தால் வண்டி 100 மீட்டர் ஓடியிருக்கும். ரயிலில் வாருங்கள், அல்லது ரசிகர் மன்றத்தார் சேர்ந்து இரண்டு டிரைவரோடு பஸ் எடுங்கள்.

இதில் லீக் நடத்துபவர்களுக்கும் பங்கு உண்டு. டிவிக்காக ஆட்டத்தை ஏழரைக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகிறது. வாசலைத் தாண்டி வெளியே வருவதற்குள் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதாகிறது. 350 கி.மீ. தள்ளியிருந்து வரும் ரசிகனும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வருகிறான். டிசம்பர், ஜனவரி சனிக்கிழமைகளில் சென்னை, பெங்களூரு, கொச்சி ஆட்டங்களையாவது மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். ஏழு மணிக்கு ஆட்டம் முடியும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிப் படுத்துக்கொள்வார்கள்.