கொட்டகைக்குக் கம்ப்ரசர் வாங்குமுன் ஒரு கணக்கு



போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, தள்ளுவண்டி டயருக்குக் காற்றடிக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். கம்ப்ரசருக்கு அடியில் சிமெண்ட் தரையில் துருப்பிடித்த தண்ணீர் ஒரு கை அகலத்துக்குக் கட்டியிருந்தது. டேங்கின் அடிவயிற்றில் பெயிண்ட் உப்பியிருந்தது. திருப்புளி முனையால் லேசாகக் குத்தினேன். திருப்புளி உள்ளே போய்விட்டது.

வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. முந்தின நாள் அதே டேங்கில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏற்றி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் புதர் வெட்டும் மெஷினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். என் பேரன் டேங்க் மேலேயே கால் வைத்து நின்றிருந்தான்.

வெல்டிங் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "சார், ஒரு பேட்ச் வச்சு அடிச்சிட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்றார். நல்ல மனுஷன், உதவி செய்யத்தான் சொன்னார். ஆனால் உள்ளே துரு தின்ற தகடு ஒரு இடத்தில் மட்டும் மெலிந்திருக்காது. ஓட்டையை அடைத்தால் அதற்கு அடுத்த இடம் கிழியும். தண்ணீர் டேங்க் கிழிந்தால் ஒழுகும், காற்று டேங்க் கிழிந்தால் வெடிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஏற்காட்டுப் பக்கம் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் பலர் இப்போது கொட்டகைக்கு ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்க ஆசைப்படுகிறார்கள். எல்லாச் சிறு வேலைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்வர முடியாதுதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் தேவை. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன் நான். "இந்த மெஷின் வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?" என்று மற்றவர்களைக் கேட்டே பழகியவன், என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். ஒரு வருடத்தில் கம்ப்ரசரை ஓட்டியது 31 நாள். அதில் 19 நாள் வெறும் டயருக்குக் காற்று. அதற்கு ஒரு கால் பம்ப் போதும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், கரண்டும் வேண்டாம்.

மிச்சம் 12 நாள்தான் உண்மையான கம்ப்ரசர் வேலை. பல்பர் மெஷினின் இடுக்குகளில் காய்ந்து ஒட்டிய காபித் தோலை ஊதித் தள்ளுவது, பவர் வீடரின் ஏர் ஃபில்டரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதுவது, சொட்டுநீர் ஃபில்டரின் தட்டுகளைச் சுத்தம் செய்வது, துருப்பிடித்த போல்ட்டை இம்பாக்ட் ரெஞ்சு வைத்துக் கழற்றுவது. இதெல்லாம் கம்ப்ரசர் இருந்தால் சுலபம். உப்புப் படிந்து அடைத்த சொட்டுவானுக்குக் காற்று அடித்துப் பயனில்லை, அதற்கு வேறு வைத்தியம். சொட்டுநீர்க் குழாய்கள் சுமார் ஒரு பார் அழுத்தத்துக்கு வடிவமைத்தவை. ஏழு பார் காற்றை அப்படியே அதில் விட்டால் சொட்டுவான்கள் பட்டாசு மாதிரி கழன்று பறக்கும். பார்த்திருக்கிறேன்.

இயற்கை விவசாயிகள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பஞ்சகவ்யா, மீன் அமிலம் தெளிக்க இது உதவுமா? உதவாது. அதற்கு வேண்டியது தண்ணீரைத் தள்ளும் பம்ப், கைத்தெளிப்பானோ பவர் ஸ்ப்ரேயரோ. கம்போஸ்ட் டீ ஊறலில் காற்றுக் குமிழி விட உதவுமா? ஆயில் ஊற்றி ஓட்டும் கம்ப்ரசரின் காற்றில் ஆயில் துளி கலந்துதான் வரும். நுண்ணுயிரைப் பெருக்க வைத்திருக்கும் டிரம்மில் அதை விடலாமா? மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்பே போதும், இரவெல்லாம் ஓடினாலும் சத்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்ரசர் வேண்டும் என்றால், எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் இரண்டு எண் சொல்வார்கள்: 2 எச்.பி., 50 லிட்டர். நானும் அந்த இரண்டை மட்டும் கேட்டு, விலை 9,500 என்றதும் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். கேட்க வேண்டிய மூன்றாவது எண், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை உண்மையில் வெளியே தருகிறது என்பது. அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவைத்தான் போடுவார்கள். கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே பெரிசு.

நீங்களே அளந்து பார்க்கலாம். காலி டேங்கை மூடி, கடையிலேயே ஓடவிட்டு, பூஜ்யத்திலிருந்து 7 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மூன்றரை நிமிடம் ஆனால், 50 லிட்டரை ஏழால் பெருக்கி மூன்றரையால் வகுத்தால் 100. அதாவது நிமிடத்துக்கு 100 லிட்டர். ஃபில்டர் ஊதவும் டயருக்கும் இது தாராளம். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு 120 லிட்டர் பக்கம் வேண்டும், அதனால் நடுநடுவே நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். பெயிண்ட் ஸ்ப்ரே இன்னும் அதிகம் குடிக்கும். பெரிய டேங்க் காற்றைச் சேர்த்து வைக்கும், கூடுதலாக உற்பத்தி செய்யாது.

மலையில் இன்னொரு கழிவு உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு இழுப்பிலும் அவ்வளவு குறைவான காற்றைத்தான் பிடிக்கும். சேலத்துக் கடையில் மூன்றரை நிமிடத்தில் நிரம்பியது மேலே வந்ததும் நாலு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் மெஷினில் கோளாறு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அதைவிடப் பெரிய தலைவலி வோல்டேஜ். மழைக்காலச் சாயங்காலத்தில் என் கொட்டகையில் 180 வோல்ட்தான் வரும். மோட்டார் கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 180 வந்தால் விசை சுமார் 60 சதவீதமாக விழுந்துவிடும். மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகும், வைண்டிங் சூடாகும். முனகல் கேட்டால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். நான் "கொஞ்சம் பொறு, கிளம்பும்" என்று பார்த்து ஒரு முறை மோட்டாரையே கட்டக் கொடுத்தேன். இங்கே ஒன்றரை எச்.பி.யே நல்லது. அலுமினிய வைண்டிங்கா, காப்பரா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மெல்லிய ஒயரில் இருபது மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுக்காதீர்கள், அதிலேயே வோல்டேஜ் இழப்பு. கம்ப்ரசரைப் பிளக் பாயிண்ட் பக்கத்தில் வைத்துக் காற்று ஹோஸை நீளமாக்குங்கள். இலவச விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்கானது, கம்ப்ரசரை அதில் மாட்ட வேண்டாம்.

மோட்டார் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருப்பீர்கள். பிஸ்டன் தலையில் மாட்டியிருக்கும் காற்றை வெளியே விடும் சத்தம் அது. அந்தச் சத்தம் வராத மெஷின் அடுத்த முறை அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பவேண்டி வரும். நம் வோல்டேஜுக்கு அது தாங்காது.

பெல்ட் வைத்ததா, மோட்டாரோடு நேராகப் பொருத்தியதா? பெல்ட் வைத்தது கனமும் விலையும் கூட, ஆனால் மெதுவாகச் சுற்றும், நாள்படும், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். கோயம்புத்தூர் நமக்குப் பக்கம்தான். எல்ஜி மாதிரி 1960-லேயே தொடங்கிய கம்பெனி அங்கே இருக்கிறது, அதைச் சுற்றிச் சின்னப் பட்டறைகளும் பல. வால்வு தகடும் பிஸ்டன் ரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். "முழு செட்டாத்தான் மாத்தணும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி என் டேங்க் ஏன் ஓட்டையானது என்பதற்கு வருகிறேன். கார்த்திகைப் பனிமூட்டத்தில் நாம் காற்றை மட்டும் அடைப்பதில்லை, மேகத்தையே அடைக்கிறோம். 20 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். 50 லிட்டர் டேங்கை 8 பாருக்கு ஏற்ற அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்று வேண்டும். அழுத்தி ஆறியதும் அதன் ஈரத்தில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். ஒரு முறை நிரப்பினாலே ஒன்றரை டீஸ்பூன். ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் அரை டம்ளர் அளவுக்கு ஈரம் உள்ளே போகிறது. கொஞ்சம் காற்றோடு வெளியேறும், மிச்சம் டேங்கின் அடியில் தங்கும். நான் அதை மாதக்கணக்கில் வடிக்கவே இல்லை. அடியில் ஒரு வடிகால் திருகு இருப்பதே தெரியாது!

இப்போது என் வழக்கம்: வேலை முடிந்ததும் மோட்டாரை அணைத்து, அழுத்தத்தை இரண்டு பாருக்கு இறக்கி, வடிகாலைத் திறந்து விடுவது. துருநிறத்தில் சீறிக்கொண்டு வரும். வந்து முடிந்த பிறகும் திருகைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் கொட்டகையைப் பூட்டுகிறேன். டேங்க் வடிகால் பக்கமாக ஒரு விரல் சாய்ந்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கக் காலுக்கு ஒரு பலகைத் துண்டு போதும். பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். காற்று சீறாவிட்டால் வால்வை மாற்றும்வரை மெஷினைத் தொடாதீர்கள்.

நம் எல்லோர் வீட்டிலும் மிச்சம் விழுந்த பி.வி.சி. குழாய் கிடக்கும். அதைக் காற்று லைனாகப் போடும் எண்ணம் எனக்கும் வந்தது. கூடவே கூடாது. அது உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும். மேல் தூசியைத் தட்டக்கூட உடம்பில் காற்று அடிக்காதீர்கள். ஆட்கள் விளையாட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் அடித்துக் குடல் கிழிந்து உயிர் போன சம்பவங்கள் ஆலைகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, சாமான்களை ஊதிச் சுத்தம் செய்யவே 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. கண்ணாடி மாட்டாமல் ஊதவும் வேண்டாம்.

கம்ப்ரசருக்கு முன் வாங்க வேண்டிய கைக்கருவிகளைப் பற்றியும் கொஞ்சம். நூற்றெட்டு பீஸ் பெட்டி என்று பளபளவென்று விற்பதை வாங்காதீர்கள். நான் வாங்கிய பெட்டியில் இதுவரை பதினொன்றைத்தான் எடுத்திருக்கிறேன், அதில் இரண்டு வாய் விரிந்துவிட்டது. 8, 10, 12, 13, 14, 17 அளவு ரிங் ஸ்பேனர், 4, 5 ஆலன் சாவி, 19-ம் 21-ம் ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு அரம். டபாரியா மாதிரி பழகிய பெயரில் தனித்தனியாக வாங்குங்கள். கவாத்துக் கத்தரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய கத்தரி காபிக் கிளையை நசுக்கும், நசுங்கிய இடத்தில் நோய் புகும். அரிவாளுக்கும் கொத்துக்கும் கொல்லர் பட்டறைதான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரும் கத்திக்கு எந்தக் கடைக் கத்தியும் ஈடில்லை. என் வீட்டம்மா சமையலறைக்கும் அதில்தான் ஒன்று கேட்டு வாங்கினார்.

இப்போது நாங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பெல்ட் வைத்த ஒன்றரை எச்.பி. ஒன்று வாங்கியிருக்கிறோம். ரோட்டை ஒட்டி, வோல்டேஜ் நன்றாக வரும் ஒருவர் கொட்டகையில் இருக்கிறது. சுவரில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. ஓட்டியவர் பெயர், நேரம், தண்ணீர் வடித்ததற்கு ஒரு டிக். டிக் இல்லாவிட்டால் ஐம்பது ரூபாய் உண்டியலில் போட வேண்டும். போன மாதம் போட்டது நான்தான்.

பழைய டேங்க்கைப் பழைய இரும்புக்காரர் கேட்டு வந்தார். எடைக்குப் போட்டால் யாராவது பேட்ச் அடித்துத் திரும்ப விற்றுவிடுவார்களோ என்று பயம். டிரில்லிங் மெஷின் எடுத்து நாலு இடத்தில் பெரிய ஓட்டை போட்டேன். "ஏன் சார், நல்ல டேங்க்கைக் கெடுக்கறீங்க?" என்று அவர் வருத்தப்பட்டார். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் எடுத்துப் போனார்.