அதிரும் வண்டியில் ஒரு வழிகாட்டி

அன்புள்ள நிலாவுக்கு,

மாமா எழுதுவது. கொல்லிமலைக்குக் கிளம்புமுன் பைக்கில் ஜிபிஎஸ் மாட்ட வேண்டும், எந்த ஹோல்டர் நல்லது என்று கேட்டிருந்தாய். ஒரு பெயரைச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் நீ வாங்கியிருப்பது 2015ஆம் வருட கிளாசிக் 350. அதில் எதை மாட்டுவதாக இருந்தாலும் முதல் கேள்வி, "இது அதிர்வைத் தாங்குமா?" என்பதுதான். ஹோல்டர், போன், ஒயர், கப்ளர், ஃபியூஸ் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பார்த்து வாங்கு. நிறமும் விலையும் அதற்குப் பிறகு.

உன் எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர். 70 மி.மீ. அகலப் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைச் சமன் செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் 2021இல் வந்த புது கிளாசிக்கில்தான் இருக்கிறது; உன் வண்டியில் இல்லை. வேகம் கூடக்கூட ஹேண்டில்பாரில் ஏறும் நடுக்கம் உன் உள்ளங்கைக்கு மட்டும் வருவதில்லை, போனுக்குள்ளும் போகிறது. இன்றைய நல்ல போன்களின் கேமராவில் கை ஆடினாலும் படம் ஆடாமல் இருக்க லென்சைக் காந்தத்தால் நகர்த்தும் நுட்பமான அமைப்பு உண்டு. பெரிய மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அப்படிப்பட்ட வண்டிகளில் போனைப் பொருத்த வேண்டாம், மொபெட், ஸ்கூட்டர் போன்ற சிறிய எஞ்சின் வண்டிகளில் பொருத்தினாலும் அதிர்வைக் குறைக்கும் அமைப்போடு பொருத்துங்கள் என்றது.

எனவே உன் புதுப் போனை மாட்டாதே. வீட்டில் அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மாதான் கிடக்கிறது. அதை வண்டிக்கென்றே ஒதுக்கிவிடு. கேமரா கெட்டாலும் வழி காட்டும். விழுந்து உடைந்தாலும் உன் வங்கிக் கணக்கும் தொடர்பு எண்களும் பத்திரமாகப் பையில் இருக்கும். ஆபத்தில் யாரையாவது அழைக்க ஒரு போன் மிச்சமிருக்கும். கார்மின் ஸூமோ போன்ற தனிக் கருவிகள் இதைவிட உறுதியானவை, மறுக்கவில்லை. கையுறையோடு தொடலாம், மழையில் நனையலாம், வெயிலிலும் திரை தெரியும். லடாக் போகும் நாள் வந்தால் யோசிக்கலாம். இப்போது அந்தப் பணத்தில் நல்ல டயரும் ஹெல்மெட்டும் வாங்கு.

சிம் இல்லாத போனில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும் என்று கேட்பாய். டவரும் ஜிபிஎஸ்ஸும் வேறு வேறு. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இடத்தையும் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உன் போன் அவற்றைக் கேட்க மட்டும் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் காதில் விழுந்தால் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். டவரால் வருவது வரைபடம்தான். ஆகவே நாமக்கல், சேலம், திருச்சி மாவட்ட வரைபடங்களை முதல் நாளே வைஃபையில் இறக்கி வை. இன்னொன்று: டவர் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற விவரம் இணையம் வழியே நொடியில் வந்துவிடும். இல்லாவிட்டால் அதையும் வானத்திலிருந்து வரும் சிக்னலில்தான் கேட்டுச் சேகரிக்க வேண்டும். அந்தத் தகவல் வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. முழுப் பட்டியலும் வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். பல நாள் அணைந்து கிடந்த போன் மலையடிவாரத்தில் முழிப்பது இதனால்தான். வீட்டு வாசலிலேயே ஆன் செய்து, இடத்தைப் பிடித்த பிறகு கிளம்பு.

இனி, எங்கே மாட்டுவது? கடைக்காரர் கண்ணாடித் தண்டில் மாட்டும் ஹோல்டரை நீட்டுவார். வேண்டாம். நீளமான தண்டின் நுனியில் நடுக்கம் பெருகும். ஹேண்டில்பார் கிளாம்புக்கு எவ்வளவு அருகில் வைக்கிறாயோ அவ்வளவு நல்லது. ஹோல்டரின் கையும் குட்டையாக இருக்கட்டும். ரப்பர் பூசிய உருண்டையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வகையை, ராம் மவுண்ட் பாணி என்பார்கள், நான் நம்புகிறேன். போனின் நாலு மூலையையும் பிடிக்கும் கவ்வியோடு, கவ்விக்கும் உருண்டைக்கும் நடுவே சிலிக்கான் ரப்பர் டாம்பரும் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் 22 மி.மீ. குழாய், ஹோல்டரின் கிளாம்ப் அதில் லூசாக இருந்தால் காகிதம் மடித்துத் திணிக்காதே, பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்று. போல்ட் தளராதிருக்க லாக்டைட் பசை ஒரு சொட்டு, அல்லது நைலாக் நட். போனிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு. கவ்வி கைவிட்டாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். டேங்கின் மேல் வைத்தால் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு வினாடி குனிந்தால் முப்பது மீட்டரைப் பார்க்காமல் கடந்திருப்பாய். அதனால் மீட்டருக்குச் சற்று மேலே, அதன் முள்ளை மறைக்காமல் வை. விழி மட்டும் அசைந்தால் போதும், கழுத்து அசையக் கூடாது. ஓடும்போது திரையைத் தொடவே கூடாது. சட்டமும் அப்படித்தான்: 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் போனை வழி அறிய மட்டும், அதுவும் ஓட்டுபவர் கவனம் சிதறாத வகையில் மட்டும் அனுமதிக்கிறது.

இப்போது மின்சாரம். இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அக்கறைப்படுவது இதில்தான், ஏனென்றால் ஹோல்டர் தவறினால் போன் போகும். ஒயரிங் தவறினால் பெட்ரோல் டேங்குக்கு அடியில் தீ.

முதலில் கணக்கு. வழி காட்டிக்கொண்டே சார்ஜ் ஏறும் போனுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட். கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். உன் ஹெட்லைட் 55 வாட். அதன் பக்கத்தில் போன் ஒரு சுமையே இல்லை. சுமை இல்லை என்பதால்தான் பலர் அலட்சியமாகப் பேட்டரியில் இரண்டு ஒயரை முறுக்கி மேலே இழுத்துவிடுகிறார்கள். செல்ஃப் மோட்டாரையே சுழற்றும் பேட்டரி அது. ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும். மெல்லிய ஒயர் வினாடிகளில் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்துக்கொள்ளும். எனவே பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் ஹோல்டர், அதில் 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். ஃபியூஸ் போனைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. போன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அதற்கு முன்னுள்ள ஒயர் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடு. 10 ஆம்பியர் போட்டுச் சரிக்கட்டாதே.

அடுத்து, சாவி எடுத்தால் இதுவும் அணைய வேண்டும். போன் மாட்டாவிட்டாலும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றே வை, ஒரு நாளுக்கு 0.24 ஆம்பியர் ஹவர். தம்பியின் ஸ்பிளெண்டர் மாதிரி 3 ஆம்பியர் ஹவர் பேட்டரி பன்னிரண்டு நாளில் காலி. உன்னுடையது பெரியது, கொஞ்சம் தாமதமாகக் காலியாகும், அவ்வளவுதான்.

இதற்கு ரிலே போடுவது என் வழக்கம். சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் காட்டும் ஒரு ஒயரை மல்டிமீட்டரால் கண்டுபிடி. ஹாரன் பக்கத்தில் தேடத் தொடங்கு. அதிலிருந்து ரிலேயின் 86ஆம் முனைக்கு ஒரு ஒயர். 85 பாடி எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வருவது 30க்கு. 87இலிருந்து கன்வெர்ட்டருக்கு. இந்த எண்கள் ரிலேயின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு போனுக்கு ரிலே அவசியமில்லை, நேராக ஹாரன் ஒயரில் கொடுத்தால் போதும் என்பார் உன் மெக்கானிக். மின்சாரக் கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனாலும் ரிலே இருந்தால் வண்டியின் சொந்த ஒயரிங்கிலிருந்து நாம் எடுப்பது அதன் காயிலை இயக்கத் தேவையான சின்ன மின்னோட்டம் மட்டும். நீ பின்னால் ஃபாக் லேம்ப் கேட்பாய் என்பதும் எனக்குத் தெரியும், அப்போதும் ரிலே வேண்டியிருக்கும்.

கன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். பேட்டரி பெட்டியிலேயே வைத்து, நீளமான யூஎஸ்பி கேபிளை மேலே கொண்டுவருகிறார்கள். மெல்லிய கேபிளில் கால் ஓம் தடை இருந்தாலும் 2 ஆம்பியரில் அரை வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் அரை வோல்ட் பெரிய நஷ்டம்; போன் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும், சதவீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் பக்கத்தில் அதே கால் ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே 12 வோல்ட் ஒயரை ஹேண்டில்பார் வரை கொண்டுபோ. கன்வெர்ட்டர் அங்கே, கேபிள் ஒரு முழத்துக்குள்.

இணைப்புகளில் சால்டரிங் வேண்டாம். வீட்டு ரேடியோவுக்கு அது நல்லது. இங்கே ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போகும். விறைப்பு முடியும் விளிம்பில்தான் நடுக்கம் வளைத்து வளைத்து இழை இழையாக அறுக்கும். வெளியே மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இருக்காது. அதற்குப் பதிலாக ஒயர் முனைக்குச் சரியான அளவு தம்பிள், அதை நசுக்கச் சரியான கிரிம்பிங் பிளையர், மேலே ஹீட் ஷ்ரிங்க். வெறும் பிளையரால் நசுக்கிய தம்பிளை இழுத்துப் பார்த்தால் கையோடு வரும். ஒயர் 1 சதுர மி.மீ. ஆட்டோ ஒயர், மின்சாரத்துக்கு அல்ல, உறுதிக்காக. ஒவ்வொரு சாணுக்கும் ஃபிரேமில் டை போடு. சைலன்சர் பக்கமோ சிலிண்டர் தலைப் பக்கமோ போகக் கூடாது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் மட்டும் தாராளமாக ஒரு வளைவு விட்டுவை.

வேலை தொடங்கும்போது பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்று, முடிந்ததும் நெகட்டிவைக் கடைசியில் மாட்டு. நெகட்டிவ் கழன்றிருந்தால் பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது.

வெயில்: ஐபோன்களுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான். நம் ஊர் சித்திரையில் அது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். மற்ற போன்களும் சூடேறினால் திரையை மங்கலாக்கும், சார்ஜை நிறுத்தும். கவரைக் கழற்று, முதுகில் காற்றுப் படட்டும். பிளாஸ்டிக் பைக்குள் மூடும் ஹோல்டர் மழைக்கு மட்டும். வயர்லெஸ் சார்ஜர் ஹோல்டர் இன்னும் சூடாக்கும், அதையும் தவிர். டீக்கு நிறுத்தினால் போனைக் கழற்றி நிழலில் வை. மழையில் கேபிளை உருவிவிடு. ஈரமான சார்ஜிங் ஓட்டையில் மின்சாரம் போனால் முனைகள் அரித்துவிடும். கன்வெர்ட்டரின் வாய் கீழ்நோக்கி, மூடியோடு இருக்கட்டும். அதற்குள் போகும் ஒயர் ஒருமுறை தாழ்ந்து மேலேறினால் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி திருப்பிப் பார். சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிளை ஏதோ இழுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வாசல் தாண்டாதே. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஹேண்டில் நன்றாகத் திரும்பும். பிறகு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வை. எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6க்குப் பக்கம், கொஞ்சம் ரெய்ஸ் செய்தால் 14 வோல்ட்டை ஒட்டி. 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங் கோளாறு, அதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து கரடுமுரடான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து எல்லா போல்ட்டையும் ஆலன் கீயால் தொட்டுப் பார். புது ரப்பர் அமுங்கும், கிளாம்ப் தளரும். ஒருமுறை இறுக்கினால் நிற்கும்.

கிரிம்பிங் பிளையர் வாங்காதே, என்னிடம் இருப்பதை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ரிலேயை எங்கே பொருத்தப்போகிறாய் என்று படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். 3 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு கூடுதலாக வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வை.

அன்புடன்,
மாமா